வேகவைத்த ஆணிகள்

குஷன்காரர் வாயில் ஆணி இருக்கும்வரை வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் வராது. புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுளித்தால் இல்லை, அவ்வளவுதான். ஒரு பிடி குட்டி ஆணியை அள்ளி, கடலை போடுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். உள்ளே அந்த நாக்கு என்ன வித்தை செய்யுமோ, ஒவ்வொரு ஆணியும் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு உதட்டு நடுவில் வந்து நிற்கும். காந்தச் சுத்தியலைப் பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த அடியில் அது நாற்காலிச் சட்டத்தில் இறங்கியிருக்கும். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது, வலது கையில் சுத்தியல் இருக்கிறது. ஆணி எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதற்குத்தான் வாய்.

வீட்டின் பின்பக்கத்து நீள அறைதான் பட்டறை. ஒரு ஓரமாக ஃபோம் பலகைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். இன்னொரு ஓரத்தில் அவர் மனைவியின் தையல் மெஷின். உறைகளைத் தைப்பது அவள் வேலை. நடுவில் கால் உடைந்தவை, வயிறு கிழிந்தவை, ஸ்பிரிங் பிதுங்கியவை என்று எப்போதும் நாலைந்து சோபாக்கள் வைத்தியத்துக்குக் காத்துக்கிடக்கும். இவர்களோடு கூட வேலை செய்கிற ஒரே ஆள் சுருட்டை. இளம் வயதில் தலை நிறையச் சுருள்முடி இருந்ததாம். இப்போது மண்டை பளபளவென்று இருக்கிறது. பெயர் மட்டும் கொட்டவில்லை.

குஷன்காரருக்கு ஒரே மகள். பதினாறு வயது. பிறந்தபோது அவ்வளவு ஒல்லியாகவும் தலை மட்டும் பெரிதாகவும் இருந்ததால் அப்பா ஆணி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. பதினோரு வயதில் அவளும் வாயில் ஆணி வைக்கப் பழகினாள். பழகுகிற காலத்தில் ஒன்றை விழுங்கியும் விட்டாள். அம்மா வாழைப்பழமாக ஊட்டிக்கொண்டு அழ, அப்பா, "விடும்மா, பொழுது விடிஞ்சா வந்துடும். வந்ததும் கழுவி டப்பாவுல போட்டுடச் சொல்லு" என்றாராம். அந்தக் கதையைச் சுருட்டை இன்னும் விட்டபாடில்லை.

டப்பா என்றால் பழைய பிஸ்கட் டப்பா. ஆணியெல்லாம் அதில்தான். வாயில் மிச்சம் இருப்பதைத் துப்புவதும் அதில்தான். அப்பா துப்புவார், மகள் அள்ளுவாள். மகள் துப்புவாள், அப்பா அள்ளுவார். எச்சில் என்கிற சொல்லே அந்தப் பட்டறையில் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றிய நாளிலிருந்துதான் எல்லாம் மாறிப்போனது.

*

முதலில் எடை குறைந்தது. சோபா எடுக்க வந்தவர்கள், "என்ன குஷன்காரரே, நல்லா இளைச்சு அழகாயிட்டீங்க" என்றார்கள். அவரும் பெருமையாகச் சிரித்துக்கொண்டார். பிறகு ராத்திரியில் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்தது. குளிர் காலத்தில் மனுஷனுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று மனைவி கேட்டாள். அதற்கப்புறம் ஒருநாள் ஷேவிங் செய்யும்போது கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, ரப்பர் மாதிரி ஒரு கட்டி விரலில் பட்டது. வலியில்லை. வலியில்லாததால் இரண்டு மாதம் ஓட்டிவிட்டார்.

ஊசி குத்தி, ஒரு துண்டு வெட்டி எடுத்து, ரிப்போர்ட் வந்த நாளில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"இது ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்துல ஒரு வகை. நெறி கட்டுற இடத்துல ஆரம்பிக்கும். பயப்படாதீங்க, இந்த வகைக்கு நல்ல மருந்து இருக்கு. ஆறு மாசம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்தணும். நிறைய பேர் குணமாகிப் போறாங்க."

"சரிங்க டாக்டர்," என்றார் குஷன்காரர், ஆர்டர் எடுத்துக்கொள்கிற குரலில்.

"இன்னொண்ணு. கட்டியில ஒரு வைரஸோட தடயம் தெரியுது. ரொம்பச் சாதாரணமான வைரஸ்தான், எச்சில் வழியாப் பரவுறது. சில பேருக்கு இந்த நோய் வர்றதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு."

அதற்குள் யாரோ கதவைத் தட்டி வார்டுக்குக் கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். மிச்சத்தை நர்ஸ் சொன்னாள். எந்த நாள் வரவேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் காதில் குணமாகும் என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா ஆறு மாதத்து வேலையை யார் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆணிக்கு எச்சில் மட்டும்தான் கேட்டது.

முந்தின வருஷம் அவளுக்கு ஒரு ஜுரம் வந்தது. தொண்டை சிவந்து, கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் நெல்லிக்காயாக நெறி கட்டி, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். தெருமுனை டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, "இது ஒரு வைரஸ் ஜுரம். தானாப் போயிடும். எச்சில்ல பரவும், அதனால தனி டம்ளர், தனித் தட்டு வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார். தனி டம்ளர் வைத்துக்கொண்டாள். தட்டும் வைத்துக்கொண்டாள். ஆனால் மூன்றாவது வாரம் உடம்பு கொஞ்சம் தேவலை என்றதும் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண மண்டபத்து நாற்காலி நாற்பது, அவசர வேலை. வாய் நிறைய ஆணி. மிச்சத்தை டப்பாவில் துப்பினாள். அப்பா அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். தன் கண்ணால் பார்த்தாள். டம்ளரைப் பற்றிச் சொன்ன டாக்டருக்கு ஆணியைப் பற்றித் தெரியாது. ஆணியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு டம்ளர்தான் ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் பார்த்தாள். பாதிதான் புரிந்தது. அவளுக்குத் தூக்கம் போக அந்தப் பாதி போதும்.

*

முதல் மருந்து ஏற்றுகிற நாளில் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சுருட்டை மரம் வாங்கப் போயிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. அவள் சமையலறையில் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் பிஸ்கட் டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்தாள். வைரஸ் சாகவேண்டும். கொதித்தால் மட்டும் சாகுமா என்று சந்தேகம் வந்தது. இரண்டு கைப்பிடி உப்பையும் அள்ளிப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆணி வெந்தது. வடிகட்டித் துண்டில் உதறி, டப்பாவையும் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி நிரப்பி மூடிவைத்தாள். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

உப்புத் தண்ணீரில் வெந்த இரும்பை ஈரம் போகாமல் மூடிவைத்தால் என்ன ஆகும் என்று குஷன்கார வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது?

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மழையில் கரண்ட் போயிற்று. சுருட்டையின் பின் அடிக்கிற துப்பாக்கி படுத்துவிட்டது. பல் டாக்டர் வீட்டுச் சோபா மறுநாள் போகவேண்டும். இளமஞ்சள் துணி. வேறு வழியில்லாமல் மங்கின ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அடித்து முடித்தார். சுருக்கம் போகத் துணியில் தண்ணீர் தெளித்து இழுத்துவிட்டுப் போனார்.

காலையில் பட்டறைக்குள் நுழைந்தவர் போட்ட கூச்சல் தெரு வரை கேட்டது.

"அண்ணி! அண்ணி! இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்த!"

சோபாவின் ஓரம் முழுக்க, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பொட்டு என்ற கணக்கில், பழுப்பாகத் துரு இறங்கியிருந்தது. வரிசை பிசகாமல், கோலம் போட்ட மாதிரி.

"இது என்ன, அம்மை போட்டிருக்கு சோபாவுக்கு?" என்றாள் அம்மா.

"டப்பாவப் பாருங்க. போன மாசம் நீலமாப் பளபளன்னு இருந்த ஆணி. இன்னைக்குக் கிழவன் பல்லு மாதிரி இருக்கு. இதுக்குள்ள யாரு தண்ணி ஊத்தினா? நான் ஊத்துவேனா? எனக்கென்ன பைத்தியமா?"

அம்மா டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள். ஒரு ஆணியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். நேற்றுக் கஞ்சியை அள்ளும்போது கரண்டியில் டங்கென்று ஒரு ஆணி வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மாவில் விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"ஏய் ஆணி. இங்க வா."

அவள் வந்து நின்றாள்.

"என் பாத்திரத்துல இதப் போட்டு வேகவெச்சியா?"

அவள் டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள்.

"உப்பு வேற போட்டிருக்கே. மிளகு போடலயா? ஆணிய வெச்சு சூப்பு வெச்சிருக்கா பாருங்க தம்பி. நோயாளி இருக்கற வீடு, அதுல ஒரு ஆணி தொண்டையில சிக்கியிருந்தா என்னடி ஆகியிருக்கும்? வாயத் தொறந்து சொல்லேன், எதுக்குடி பண்ணினே?"

"சுத்தம் பண்ணலாம்னு..."

"எது, ஆணியயா? சட்டத்துக்குள்ள போய் ஒளியப் போற ஆணிக்குக் குளியல் எதுக்கு?"

"விடு," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். பட்டறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தட்டிதான். குஷன்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். "ஓரத்துத் துணிய மட்டும் மாத்திக் குடுத்துடலாம். பல் டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார். இருபது வருஷமா என் பல்லப் பாத்துத் திட்டிட்டிருக்கறவர், சோபாவயும் ஒரு தடவை திட்டட்டும். பிள்ளைய விடு."

அம்மா விட்டுவிட்டாள். ஆனால் மத்தியானம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் சுருட்டையும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சுருட்டை அப்பாவுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். மருந்தில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்திருந்தது.

"இனிமே நம்ம ரெண்டு பேரையும் யாரும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதுண்ணே. நீங்க என் கடன்காரனுங்க கிட்ட மாட்டிக்காம இருந்தா சரி."

"உனக்கு மண்டை பள்ளம்டா. எனக்கு உருண்டை. பாத்தாலே தெரியும்."

கத்தி சரசரவென்று ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்.

"அவளத் திட்டாதே சுருட்டை. என் வாய் பட்ட ஆணியாச்சே. பயந்திருப்பா. எனக்குப் புரியுது."

"என்னண்ணே நீங்க."

"இல்லடா. கவனிச்சுட்டுதான் இருக்கேன். தட்டு தனியா எடுத்துட்டுப் போயிடறா. நான் குடிச்ச தண்ணிய முன்னெல்லாம் பிடுங்கிக் குடிப்பா. இப்ப பக்கத்துலயே வர்றதில்ல. அருவருப்புன்னு சொல்ல மாட்டேன். சின்னப் பொண்ணு. பயம்தான்."

அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பாவுக்கு நோயைக் கொடுத்தது நான் என்று நினைத்து ஒதுங்கினாள். அவரோ தன்னைப் பார்த்து அவள் அருவருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் கொலைகாரி. சொல்லாவிட்டால் இது.

*

மருந்து ஏற்றிய அன்றைக்கு அப்பாவுக்குத் தூக்கம் வராது. வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கிற ஒரு ஊசி கண்ணை விளக்குப் போட்ட மாதிரி ஆக்கிவிடும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். இரண்டாவது தடவை ஏற்றிவிட்டு வந்த ராத்திரி, ஒரு மணிக்கு மேல், பட்டறையில் விளக்கு எரிந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பழைய நாற்காலியிலிருந்து துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மேலே சால்வை. மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பி.

"தூங்கலயா?" என்றார், திரும்பாமலே.

"நீங்க?"

"எனக்குத்தான் உள்ள ஜெனரேட்டர் ஓடுதே. போய்ப் படு. காலையில பரீட்சை இல்ல?"

அவள் போகவில்லை. ஃபோம் அடுக்கில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் பிடுங்குகிற ஆணி ஒவ்வொன்றும் தகரத் தட்டில் விழுந்தது. டிங். டிங்.

"அப்பா."

"ம்."

"நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீங்க அம்மாகிட்ட சொல்லக் கூடாது. இல்ல, சொல்லுங்க. எப்படின்னாலும் தெரிஞ்சுடும்."

குறடு நின்றது.

"எவனாவது பையனா?"

"ஐயோ, இல்லப்பா!"

"சரி, அப்ப எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். சொல்லு."

"உங்களுக்கு இது வந்ததுக்கு நான்தான் காரணம்."

சொல்லி முடித்ததும் நிறுத்தினால் இன்னொரு முறை ஆரம்பிக்கத் தைரியம் வராது என்று பயந்து, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "போன வருஷம் எனக்கு ஜுரம் வந்துச்சுல்ல, அது எச்சில்ல பரவுற வைரஸ்னு அந்த டாக்டர் சொன்னாருல்ல. டாக்டரம்மா சொன்னதும் அதே வைரஸ்தான்பா, நான் போன்ல பாத்தேன், ஒரே பேரு. நான் டம்ளர் தனியா வெச்சுக்கிட்டேன், ஆனா மண்டபத்து நாற்காலி செய்யும்போது டப்பாவுல துப்பினேன். நீங்க அள்ளி வாயில போட்டீங்க. நான் பாத்துட்டே இருந்தேன், எனக்குத் தோணவே இல்ல. அதான் வேகவெச்சேன். உங்களப் பாத்து அருவருப்பா இல்லப்பா. என்னப் பாத்துதான். இன்னும் என்கிட்ட இருந்து உங்களுக்கு ஏதாவது வந்துடுமோன்னுதான் தட்ட எடுத்துட்டுப் போறேன்."

அப்பா குறடைத் தட்டில் வைத்தார். அப்படியெல்லாம் இல்லைடா என்று உடனே சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதே ஆணி," என்றார் கடைசியில். "நீ சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தெரியாம என்னத்தச் சொல்ல? அடுத்த தடவை போகும்போது வா. கேப்போம். கேட்டுட்டு அப்புறம் அழு."

"ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா சொல்லட்டும். ஆணிய வாயில போட்டது நானு. நீ ஊட்டினியா?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அப்பா சால்வையின் ஓரத்தை நீட்டினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "டாக்டரம்மா எச்சில்னு சொன்னாங்கல்ல, அன்னைக்கே எனக்கும் உன் ஜுரம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் வேற மாதிரி யோசிச்சேன். எனக்குள்ள இந்தச் சனியன் முதல்லயே இருந்து, டப்பா வழியா உனக்கு வந்துடுச்சோன்னு. தெனம் நீ தூங்கினதும் வந்து கழுத்தத் தடவிப் பாத்துட்டுப் போறேன். கட்டி கிட்டி இருக்கான்னு."

"அதுக்கா தடவினீங்க? நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். போர்வையச் சரி பண்றீங்கன்னு நெனச்சேன்."

"போர்வையும் சரி பண்ணினேன்," என்றார் அப்பா.

*

மூன்றாவது தடவை போனபோது ஆஸ்பத்திரி நாற்காலிகளைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார். "எவன்டா அடிச்சான் இத? ஒரு உக்காரலுக்குத் தாங்காது." அம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா ரத்தக் கணக்கைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். உள்கன்னத்தில் இரண்டு புண்.

"முன்பல்லு ஏன் இப்படி வெட்டியிருக்கு?"

"ஆணி வெச்ச பள்ளம்."

"என்னது?"

அப்பா விளக்கினார். டப்பா, துப்புவது, அள்ளுவது எல்லாம். டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அதுலதான் ஒரு சந்தேகம் டாக்டர்," என்றார் அப்பா. "இவளுக்குப் போன வருஷம் அந்த வைரஸ் ஜுரம் வந்துச்சு. ஒரே டப்பாதான். யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கு. நீங்க தீத்து வைக்கணும்."

அம்மா சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். பாத்திரமும் உப்பும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"முன்னாடியே உக்காந்து சொல்லியிருக்கணும். என் தப்புதான். இந்த வைரஸ் ஏறக்குறைய எல்லாப் பெரியவங்க உடம்புலயும் இருக்கு. எனக்கு, இந்த நர்ஸுக்கு, வெளிய உக்காந்திருக்கறவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல. பெரும்பாலும் கைக்குழந்தையா இருக்கும்போதே யாராவது முத்தம் குடுத்து வந்துடும், சளி மாதிரி வந்து தெரியாமப் போயிடும். அப்புறம் சாகற வரைக்கும் ரத்தத்துல ஒரு மூலையில படுத்துத் தூங்கும். பதினாலு பதினஞ்சு வயசுல முதல் தடவையா வந்தாத்தான் உன் மாதிரி மூணு வாரம் படுக்க வைக்கும்."

"அப்ப அப்பாவுக்கு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்பாவுக்கு எப்ப வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் தேதி போட்டுச் சொல்லாது. ஆனா நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் அது இவர விட்டு வெச்சிருக்கும்னு நான் நம்பல. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"அப்புறம் ஏன் இப்ப மட்டும்?"

"அதுதான் முழுசாத் தெரியல. தூங்கற வைரஸ உடம்போட காவல் பாத்துக்கிட்டே இருக்கு. லட்சக்கணக்கான பேருக்கு அது வாழ்நாள் முழுக்க ஒண்ணுமே செய்யறதில்ல. யாரோ ஒருத்தருக்குக் காவல் தளருது, ஒரு செல்லு கெட்டுப் போகுது, இன்னும் நாலஞ்சு விஷயம் சேருது. சேர்ந்த கூட்டத்துல வைரஸும் ஒரு ஆள். அது மட்டும் தனியா வந்து செய்யற வேலை இல்ல இது. வைரஸே இல்லாமயும் இதே நோய் நிறைய பேருக்கு வருது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவளுக்கு வந்த ஜுரம்? அது என்கிட்ட இருந்து போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம். பள்ளிக்கூடத்துல யார் தண்ணி பாட்டில்ல இருந்தும் வந்திருக்கலாம். தெரியாது."

"நான் கேக்கறது, தெனம் ராத்திரி இவ கழுத்தத் தடவிப் பாத்துட்டிருக்கேன், அவளுக்கும் பின்னால இந்த மாதிரி..."

அம்மாவின் பிடி இறுகியது. டாக்டரம்மா மகளையே பார்த்துச் சொன்னார். "பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஜுரம் வந்தவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனா அந்தக் கூடுதல் எவ்வளவுன்னா, ஆயிரம் பேரு இப்படிப் படுத்து எழுந்தா அதுல ஒருத்தர். மீதிப் பேரு ஆணி அடிச்சுட்டு, கல்யாணம் பண்ணிட்டு, வயசாகி வேற எதுக்காவது டாக்டர்கிட்ட போவாங்க. வா இங்க."

கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலும், கக்கத்திலும்.

"ஒண்ணும் இல்ல. மெலிஞ்ச கழுத்து, நல்லாச் சாப்பிடு." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீங்க ராத்திரி ராத்திரி போய்த் தடவாதீங்க, பொண்ணு தூங்கட்டும். அப்புறம் ஒண்ணு. இன்னியிலேர்ந்து வாயில ஆணி கிடையாது. வெள்ளை அணு இறங்கிக் கிடக்கு. ஒரு கீறல் போதும், புண்ணு சீழ் பிடிச்சு ஜுரமாயிடும். டப்பாவப் பத்தி நினைச்சாலே எனக்கு மயக்கம் வருது."

பஸ்ஸில் அம்மா, இறங்குகிற இடத்துக்கு முந்தின நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள். "இத்தன நாளா அப்பனும் மகளும் இத வயித்துல வெச்சுட்டு என் பாத்திரத்தக் கெடுத்திருக்கீங்க."

அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா என்ன என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "அப்ப ஒருவேளை நான்தான் உனக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

தன் தலையிலிருந்து இறங்கின பாரம் எங்கே போய் உட்காரப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வந்தது.

"நீங்க ஊட்டினீங்களா? நான்தானே அள்ளிப் போட்டுக்கிட்டேன்," என்றாள்.

*

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபோமெல்லாம் முற்றத்தில் காய்ந்தது. பட்டறையில் பழைய கைவைத்த நாற்காலி ஒன்று மேலே துணி போடக் காத்திருந்தது. கெட்டி மரம். துப்பாக்கிப் பின் அதில் இறங்காமல் மடங்கிக்கொள்ளும் என்று சுருட்டை காலையிலேயே கையை விரித்துவிட்டார். அப்பா சுத்தியலை எடுத்துப் பார்த்தார். மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. கீழே வைத்துவிட்டார்.

டப்பா புதிது. ஆணியும் புதிது. பழையதைச் சுருட்டை காயலான் கடையில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவள் வந்து துணியை இழுத்து இடது கையில் பிடித்தாள். வலது கையால் டப்பாவைத் திறந்தாள். நீலமாகப் பளபளத்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு மாதமாக அவள் வாயில் ஆணி வைக்கவில்லை.

"பத்துப் பன்னெண்டு போதும்," என்றார் அப்பா ஸ்டூலிலிருந்து. "பேராசப்படாதே. இன்னொண்ணு உள்ள போச்சுன்னா உங்கம்மா வாழைப்பழத்தோட வந்துடுவா."

அவள் அள்ளிப் போட்டுக்கொண்டாள். இரும்பின் குளிர்ச்சியும் லேசான எண்ணெய் ருசியும் நாக்கில் பரவின. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு தானாகவே புரட்ட ஆரம்பித்தது. முதல் ஆணி தலையை நீட்டியது. சுத்தியல் ஒட்டியெடுத்தது. டக். இறங்கியது.

"இழு. இன்னும் இழு. கோடு பிசகுது பாரு. ம், அதான். நல்லா உக்காந்துச்சா? பதில் சொல்லேன்டி."

அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"அடேயப்பா, இப்ப இவ குஷன்காரி," என்றார் சுருட்டை. "நாம பேசிட்டே கெடக்க வேண்டியதுதான்."

அப்பா பேசிக்கொண்டேதான் இருந்தார். இத்தனை வருஷம் வாய் நிறைய ஆணியோடு பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. மண்டபத்துக்காரன் கதை, பல் டாக்டர் கதை, சுருட்டைக்கு முடி இருந்த கதை. அவள் அடித்துக்கொண்டே போனாள். பின்பக்க ஓரம் முடிந்தது. துணி எல்லா இடத்திலும் பிடித்தாயிற்று. வாயில் இன்னும் மூன்று ஆணி இருந்தது.

டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. அதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஏற்கெனவே அடித்து முடித்த ஓரத்திலேயே, இடைவெளி பார்த்து, டக், டக், டக் என்று மூன்றையும் அடித்தாள்.

அப்பா எழுந்து வந்து, மரத்துப்போன விரலால் ஓரத்தை மெல்லத் தடவிக்கொண்டே போனார். பின்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க மூணு கூட இருக்கே?"

"மிச்சம் இருந்துச்சு," என்றாள். "துப்ப மனசு வரல."

அவர் விரல் அந்த மூன்றின்மேலும் ஒருமுறை போய் வந்தது.

"இருக்கட்டும்," என்றார். "இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும்."